‘பார்த்துக்கொள்ளப்படும்’ என்றால் என்ன?

சேலம் புதிய பஸ் ஸ்டாண்டிலிருந்து அஸ்தம்பட்டிக்கு ஆட்டோவில் போய்க்கொண்டிருந்தோம். முன்னால் போன இன்னொரு ஆட்டோவின் பின்பக்கம் ‘யேகோவாயீரே’ என்று சிவப்பு ஸ்டிக்கர். கூட வந்த நண்பர் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர், முருக பக்தர். அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, “யாருங்க இது, டிரைவர் சம்சாரம் பேரா?” என்றார்.

சிரித்துவிட்டு, “கர்த்தர் பார்த்துக்கொள்வார்னு அர்த்தம்” என்றேன்.

“அப்படீன்னா நீங்க எதுக்கு எல்ஐசி கட்டறீங்க?”

அதற்குள் இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டது. நியாயமான கேள்வி. கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவர்களிலேயே பலர் இதற்குத் தடுமாறுவார்கள். அன்று சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் அந்த ஸ்டிக்கர். அது பைபிளின் முதல் புத்தகமான ஆதியாகமத்தின் 22ஆம் அதிகாரத்தில் வருகிற பெயர். ஆபிரகாம் என்ற கிழவர் தன் மகன் ஈசாக்கைக் கூட்டிக்கொண்டு மலையேறுகிறார். பலி கொடுக்கப் போகிறார்கள். விறகைச் சுமந்து வருகிற மகன் கேட்கிறான்: நெருப்பும் கட்டையும் இருக்கிறது, ஆட்டுக்குட்டி எங்கே? பலியாகப் போவது அவனேதான் என்பது தகப்பனுக்குத் தெரியும். ஆனாலும் அவர் சொல்கிற பதில், தேவன் பார்த்துக்கொள்வார். கடைசி நேரத்தில் கத்தி தடுக்கப்படுகிறது. புதரில் கொம்பு சிக்கி நிற்கும் ஓர் ஆட்டுக்கடா கண்ணில் படுகிறது. அந்த இடத்துக்கு ஆபிரகாம் வைத்த பெயர்தான் யேகோவாயீரே. ‘கர்த்தருடைய பர்வதத்திலே பார்த்துக்கொள்ளப்படும்’ என்று தமிழ் பைபிள் அதை விளக்குகிறது.

எபிரெய மூலத்தில் இருப்பது ‘பார்த்தல்’ என்ற வினைதான். தமிழில் பெயர்த்தவர்களுக்கு இங்கே பெரிய சிரமம் இருந்திருக்காது. “பாப்பாவைக் கொஞ்சம் பார்த்துக்கோங்க” என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லிவிட்டுக் கடைக்குப் போனால், பாப்பாவை உற்றுப் பார்த்துக்கொண்டே இருங்கள் என்றா அர்த்தம்? பசித்தால் பால், விழுந்தால் தூக்குவது, எல்லாம் அதில் அடக்கம். கண்ணில் படுவதும் காப்பாற்றுவதும் நம் மொழியில் ஒரே சொல். கிறிஸ்தவர் கடவுளை நம்புவது என்பதன் பாதி விளக்கம் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

இந்தப் பெயரை வீட்டு வாசலிலும் வண்டியிலும் கல்யாணப் பத்திரிகையிலும் போடுகிறவர்கள் அந்தக் கதை எவ்வளவு பயங்கரமானது என்பதை மறந்துவிடுகிறார்களோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. வசதி கேட்டுப் போனவனுக்கு வசதி கிடைத்த கதை இல்லை அது. எல்லாமே போய்விடும் என்ற இடத்தில் ஒருவன் சொன்ன வார்த்தை.

சரி, அன்றாடச் சாப்பாட்டு விஷயத்துக்கு வருவோம். அதற்கு பைபிளில் ஆதாரப் பாடம் மன்னா. யாத்திராகமம் 16ஆம் அதிகாரம். எகிப்தில் அடிமைகளாக இருந்த இஸ்ரவேலர் விடுதலையாகி வனாந்தரத்தில் நடக்கிறார்கள். பசி வந்ததும் விடுதலை கசக்கிறது. எகிப்தின் இறைச்சிப் பாத்திரங்கள் நினைவுக்கு வருகின்றன. ஒரு நாள் காலையில் பனி விலகினால் தரையில் சின்னச் சின்ன உருண்டையாக ஏதோ கிடக்கிறது. “இது என்ன?” என்று கேட்டார்கள், அந்தக் கேள்வியே ‘மன்னா’ என்ற பெயராகிவிட்டது என்பார்கள். கொத்துமல்லி விதையளவு, வெள்ளை நிறம், தேனிட்ட பணியாரத்தின் ருசி என்று தமிழ் பைபிள் வர்ணிக்கிறது. சின்ன வயதில் ஞாயிறு பள்ளியில் இதைக் கேட்டபோது எனக்குக் குழிப்பணியாரச் சட்டிதான் கண்முன் வந்தது. இன்னும் அதுதான் வருகிறது.

அதில் மூன்று சட்டங்கள் இருந்தன. தலைக்கு ஒரு ஓமர் எடுத்துக்கொள்ளலாம். நம் கணக்குக்கு ஏறத்தாழ 2 லிட்டர். பேராசைப்பட்டு வாரினவனும் தயங்கிக் கொஞ்சமாக எடுத்தவனும் அளந்து பார்த்தபோது, அதிகம் சேர்த்தவனுக்கு மீதியில்லை, கொஞ்சம் சேர்த்தவனுக்குக் குறைவில்லை. இரண்டாவது, விடியும்வரை மீதி வைக்கக் கூடாது. கேட்பார்களா? சிலர் வைத்தார்கள். காலையில் புழுத்து நாற்றமடித்தது. மூன்றாவதை இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். ஆறாம் நாள் மட்டும் இரண்டு மடங்கு எடுக்க வேண்டும், ஏனென்றால் ஏழாம் நாள் ஓய்வு, அன்று வராது. அப்படி எடுத்து வைத்தது மறுநாள் புழுக்கவே இல்லை.

எடுத்து வைப்பதே தவறு என்றால் ஆறாம் நாள் மன்னாவும் புழுத்திருக்க வேண்டும். புழுத்தது எது? நாளைக்கு வராதோ என்ற பயத்தில் பதுக்கி வைத்தது. அந்த மக்கள் இதே பாடத்தை 40 வருஷம் தினம் காலையில் படித்தார்கள். ஒரே நாளில் வருகிற நம்பிக்கை இல்லை இது என்று அந்தக் கணக்கைப் பார்த்தாலே தெரியும்.

இயேசு சீஷர்களுக்குக் கற்றுக்கொடுத்த ஜெபத்தில் சாப்பாட்டுக்கென்று ஒரே ஒரு வரி உண்டு. நாங்கள் போகிற சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) கோயிலில் அதை ‘எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்’ என்று சொல்கிறோம். கத்தோலிக்க ஆலயத்துக்குப் போனால் ‘எங்கள் அன்றாட உணவை இன்று எங்களுக்குத் தாரும்’ என்பார்கள். ஒன்றில் ‘வேண்டிய’, இன்னொன்றில் ‘அன்றாட’. ஏன் இந்த வித்தியாசம்? மூலத்தில் ‘எபியூசியோஸ்’ என்று ஒரு கிரேக்கச் சொல் இருக்கிறது. அந்த ஜெபத்துக்கு வெளியே அது ஏறக்குறைய எங்குமே கிடைக்காத சொல். இன்றைக்கானது, வருகிற நாளுக்கானது, பிழைக்கத் தேவையானது என்று அறிஞர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். எந்தப் பொருள் சரியாக இருந்தாலும் ஒரு வருஷத்து மூட்டை அதில் அடங்காது. இன்னொன்று, ‘எனக்கு’ என்று அந்த ஜெபத்தில் இல்லை. ‘எங்களுக்கு’.

இப்போது மலைப்பிரசங்கம். மத்தேயு 6ஆம் அதிகாரம், 24 முதல் 34 வரை. இந்தப் பதினொரு வசனங்களைத்தான் இந்த விஷயத்தின் இதயம் என்று சொல்ல வேண்டும். ‘தேவனுக்கும் உலகப்பொருளுக்கும் ஊழியஞ்செய்ய உங்களால் கூடாது’ என்று ஆரம்பிக்கிறது. உலகப்பொருள் என்று பெயர்த்த இடத்தில் ‘மாமோன்’ என்ற அரமேயச் சொல் இருக்கிறது. செல்வம், சொத்து என்று அர்த்தம். இயேசு அதை ஓர் எஜமான் இடத்தில் உட்கார வைத்துப் பேசுகிறார். பணம் வைத்திருக்காதே என்று அங்கே சொல்லவில்லை. பணம் உன்னை வேலைக்கு வைத்துக்கொள்ள விடாதே என்கிறார். அடுத்து, ஆகாயத்துப் பட்சிகளைப் பாருங்கள், அவை விதைப்பதுமில்லை அறுப்பதுமில்லை. காட்டுப்புஷ்பங்களைப் பாருங்கள், அவை உழைப்பதுமில்லை நூற்பதுமில்லை. நூற்பு, நெசவு எல்லாம் சேலத்துக்காரனுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. வெண்பட்டு வேட்டி நெய்கிற ஊர். ஒரு வேட்டிக்குப் பின்னால் எத்தனை கை, எத்தனை மணி நேரம் என்று தெரிந்தவர்கள் இந்த வசனத்தைக் கேட்டால் கொஞ்சம் எரிச்சல்தான் வரும். பூவுக்கென்ன, அதற்குத் தவணை கட்ட வேண்டுமா?

ஆனால் அன்று இதைக் கேட்டுக்கொண்டிருந்த கூட்டத்தில் மீன் பிடிக்கிறவர்களும் கூலிக்குப் போகிறவர்களும் இருந்தார்கள். வேலை செய்யாமல் இருங்கள் என்று அவர்களிடம் சொல்லி என்ன பிரயோஜனம்? ‘கவலைப்படாதிருங்கள்’ என்பதுதான் திரும்பத் திரும்ப வருகிறது. எங்கள் பக்கத்தில் மோட்டார் வருவதற்கு முன்பு கிணற்றில் மாடு பூட்டித் தண்ணீர் இறைப்பதற்கே கவலை என்றுதான் பெயர். மாடுகள் முன்னே போகும், பின்னே வரும், மறுபடி முன்னே போகும். நாள் முழுக்க அதே பத்துப் பதினைந்து தப்படி. அந்தக் கவலையிலாவது தண்ணீர் வந்தது. ராத்திரி படுக்கையில் நாம் ஓட்டுகிற கவலையில் என்ன வருகிறது? கவலைப்பட்டு உங்களில் யார் தன் உயரத்தோடு ஒரு முழத்தைக் கூட்ட முடியும் என்று இயேசு கேட்பதும் அதைத்தான்.

பறவை சும்மா இருக்கிறது என்று நினைப்பவர்கள் ஒரு நாள் ஏற்காட்டுக்குப் போய் விடியற்காலையில் எழுந்து பார்க்க வேண்டும். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் போதும். என் சித்தப்பா அங்கே ஒரு காப்பி எஸ்டேட்டில் மேஸ்திரியாக இருந்தார். லீவுக்குப் போனால், வெளிச்சம் வருமுன்பே சின்னான் குருவிகள் இரைதேட ஆரம்பிக்கும் சத்தத்தில்தான் விழிப்பு வரும். அந்தி வரைக்கும் ஓயாது. குருவி வேலை செய்கிறது. நாளைய வேலையை இன்று ராத்திரி செய்வதில்லை, அவ்வளவுதான்.

காப்பிச் செடியை வைத்து இதை இன்னும் தெளிவாகச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். கவாத்து பண்ணுவது, உரம் வைப்பது, நிழல் மரத்தின் கிளை கழிப்பது, களை எடுப்பது எல்லாம் மனுஷன் கையில். இவ்வளவும் செய்துவிட்டு மார்ச், ஏப்ரலில் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். பூமழை என்று பெயர். அந்த ஒரு மழை சரியான நேரத்தில் விழுந்தால் பத்து நாளைக்குள் மலை முழுக்க வெள்ளையாகப் பூத்து மல்லிகை மாதிரி மணக்கும். தவறினால் அந்த வருஷ மகசூலே தவறும். இப்போது வசதியுள்ள எஸ்டேட்டில் ஸ்பிரிங்ளர் வைத்துப் பூக்க வைக்கிறார்கள். அதற்கும் குளத்தில் தண்ணீர் இருக்க வேண்டும். சித்தப்பா மார்ச் மாதம் கவாத்துக் கத்தியைத் துடைத்து எண்ணெய் போட்டு வைத்துவிட்டு, “நம்ம பங்கு முடிஞ்சுது” என்பார். அப்புறம் நன்றாகத் தூங்குவார். மழை வராத வருஷமும் அப்படித்தான் தூங்கினாரா என்று சித்தியிடம் கேட்டிருக்கிறேன். “எங்க தூங்கினாரு” என்றார் சித்தி.

இங்கே மூன்று தவறான புரிதல்களைச் சொல்லியாக வேண்டும். ஒன்று சோம்பல். அதற்கு, ஆதித் திருச்சபைகளுக்குக் கடிதங்கள் எழுதிய பவுல் அப்போஸ்தலர் ஒரே வரியில் பதில் சொல்லிவிட்டார்: வேலை செய்ய மனதில்லாதவன் சாப்பிடவும் கூடாது. அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

இரண்டாவது ஆபத்தானது. கடவுளை நம்பினால் கார் வரும், பங்களா வரும், ஆயிரம் ரூபாய் காணிக்கையை ‘விதைத்தால்’ நூறு மடங்காகத் திரும்பும் என்று மைக் பிடித்துச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். இதைக் கேட்டு நகையைக் கழற்றிக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். இது மாமோனுக்கே இன்னொரு கோயில் கட்டுவது. நான் அதற்கு வைக்கும் பெயர் ஏலச்சீட்டு பக்தி. பவுலோ காவலில் இருந்துகொண்டு, எந்த நிலைமையிலும் மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன் என்று எழுதினார். உண்ணவும் உடுக்கவும் இருந்தால் அது போதும் என்றும் எழுதினார். ‘கற்றுக்கொண்டேன்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். அவருக்கும் பிறவியிலேயே வந்ததில்லை.

மூன்றாவது, பசித்தவனிடம் போய் ‘கர்த்தர் பார்த்துக்கொள்வார், கவலைப்படாதே’ என்று சொல்லிவிட்டு வருவது. பைபிளில் உள்ள தன் நிருபத்தில், அதாவது கடிதத்தில், யாக்கோபு இதைக் கிழித்துப் போடுகிறார். உடுக்கத் துணியும் அன்றாட ஆகாரமும் இல்லாதவனிடம், சமாதானத்தோடே போ, குளிர்காய்ந்து பசியாறு என்று சொல்லிவிட்டு, வேண்டியதைக் கொடுக்காவிட்டால் என்ன பிரயோஜனம் என்று கேட்கிறார். 1876-78இல் தாது வருஷப் பஞ்சத்தில் சேலம் ஜில்லா பட்ட பாடு பெரியவர்கள் பேச்சில் ரொம்ப நாள் இருந்தது. அன்று செத்தவர்களெல்லாம் நம்பிக்கை குறைந்தவர்கள் என்று சொல்ல யாருக்காவது வாய் வருமா? ஆபகூக் என்ற தீர்க்கதரிசி, அத்திமரம் துளிர்க்காவிட்டாலும் வயல் விளையாவிட்டாலும் தொழுவத்தில் மாடு இல்லாவிட்டாலும் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன் என்று பாடினார். காரணம் சொல்லவில்லை. எனக்கும் காரணம் தெரியாது.

நண்பரின் எல்ஐசிக் கேள்விக்கு இப்போது வரலாம். பைபிளில் சேர்த்து வைத்த இருவரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். யோசேப்பு எகிப்தில் ஏழு வருஷ விளைச்சலைக் களஞ்சியத்தில் சேர்த்தார், அவருக்குப் பாராட்டு. லூக்கா 12ஆம் அதிகாரத்தில் ஓர் ஐசுவரியவானும் விளைந்ததைச் சேர்க்கப் பெரிய களஞ்சியம் கட்டத் திட்டம் போடுகிறான். அவனுக்கு ‘மதிகேடனே’ என்ற பட்டம். இருவரும் செய்தது ஒரே வேலைதானே? அந்தப் பணக்காரன் பேசுவதை மட்டும் எண்ணிப் பாருங்கள். என் தானியம், என் களஞ்சியம், என் பொருள், என் ஆத்துமா. மனைவி இல்லை, பிள்ளை இல்லை, கூலியாள் இல்லை, பக்கத்து வீட்டுக்காரன் இல்லை. பேசுவதுகூடத் தன்னோடேயே. யோசேப்பின் களஞ்சியத்துக்குக் கதவு இருந்தது, பஞ்சத்தில் திறந்தது. என் பாலிசி என் வீட்டுக்காரிக்கும் பிள்ளைக்கும். நாளைக்கு எனக்கு ஏதாவது ஆனால் அவர்கள் யார் வாசலிலும் நிற்க வேண்டாம் என்பதற்காகக் கட்டுகிறேன். அதில் அவநம்பிக்கை இல்லை என்றுதான் நினைக்கிறேன். தேவைக்கு மேல் நான்காவது பாலிசி எடுக்க ஏஜெண்ட் வந்தபோது எனக்கு ஆசை வந்தது. அது என்ன ஆசை என்று யோசித்தால் பதில் அவ்வளவு சுத்தமாக இல்லை.

இந்த நம்பிக்கையின் பெரிய உதாரணமாக எல்லோரும் ஜார்ஜ் முல்லரைச் சொல்வார்கள். 1805இல் பிரஷ்யாவில் பிறந்து, இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரில் அனாதை இல்லங்கள் நடத்தியவர். தனியாக யாரிடமும் கை நீட்டுவதில்லை, ஜெபத்தில் மட்டும் கேட்பது என்ற தீர்மானத்தோடு ஏறத்தாழ 10,000 பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார். உண்மைதான். கூடவே அவர் வரவு செலவுக் கணக்கைச் சுத்தமாக எழுதி வருஷா வருஷம் அச்சடித்து வெளியிட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதைப் படித்துப் பலர் கொடுத்தார்கள். இது அவருக்குக் குறையாக எனக்குத் தெரியவில்லை. வானத்திலிருந்து மன்னா விழுந்தது ஒரு காலம். மற்றபடி கடவுள் யாரோ ஒருவர் கை வழியாகத்தான் அனுப்புகிறார்.

நம் ஊரில் எந்த மதத்துக்காரரும் ‘படியளக்கிற சாமி’ என்பார்கள். நீதிமொழிகள் 30ஆம் அதிகாரத்தில் ஆகூர் என்பவரின் ஜெபம் கிட்டத்தட்ட அதே வார்த்தைதான்: ‘தரித்திரத்தையும் ஐசுவரியத்தையும் எனக்குக் கொடாதிருப்பீராக’, ‘என் படியை எனக்கு அளந்து என்னைப் போஷித்தருளும்.’ வயிறு நிறைந்தால் கர்த்தர் யார் என்று கேட்டுவிடுவேன், பட்டினி கிடந்தால் திருடிவிடுவேன் என்று காரணமும் சொல்கிறார். தன்னைப் பற்றித் தெரிந்த மனுஷன்.

எங்கள் வீட்டில் அந்தப் படி நிஜமாகவே இருந்தது. பித்தளைப் படி, விளிம்பில் ஒரு நசுங்கல். அம்மா அதில் அரிசி அளந்து முறத்தில் கொட்டுவார். கழுவுவதற்கு முன்னால் அதிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளி, அடுப்பு மேடையில் இருந்த பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போடுவார். மாதக் கடைசி ஞாயிறு அது கோயிலுக்குப் போகும். பிடி அரிசி என்பார்கள். நான் ஒருமுறை, “மூட்டையிலிருந்தே எடுத்துப் போட்டா வேலை மிச்சம்தானேம்மா” என்று கேட்டேன். “மூட்டையிலிருந்து எடுத்தா நமக்கு எதுவும் குறையாதே” என்றார்.

நான் பத்தாவது படித்த வருஷம் அப்பா போட்டிருந்த சீட்டை நடத்தியவர் ராத்திரியோடு ராத்திரியாக ஊரைவிட்டுப் போய்விட்டார். அம்மாவின் செயினை விற்றுப் போட்ட பணமும் அதில் இருந்தது. அந்தப் பணம் இன்றுவரை வரவில்லை. அப்பா சேகோ மில்லில் கிடைத்த கூலியைக் கடன்காரர்களுக்குக் கொடுத்துவிட்டு வெறும் கையோடு வருவார். அப்போது ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கோயிலிலிருந்து இரண்டு அக்காமார்கள் ஒரு சாக்குப் பையைத் திண்ணையில் இறக்கி வைத்துவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார்கள்.

ஊரிலுள்ள எல்லா வீட்டுப் பாட்டிலும் சேர்ந்த அரிசி அது. பொன்னி, இட்லி அரிசி, ரேஷன் அரிசி, பச்சரிசி எல்லாம் கலந்து கிடந்தது. அம்மா எவ்வளவு பதம் பார்த்தும் ஒரே மாதிரி வேகவில்லை. பாதி குழைந்துவிடும், பாதி விதைவிதையாக நிற்கும். தங்கை முகத்தைச் சுளிப்பாள். ஒன்றரை மாதம் அந்தச் சோறுதான் சாப்பிட்டோம். அந்த ஒன்றரை மாதமும் அளந்ததிலிருந்து ஒரு பிடி பாட்டிலுக்குப் போய்க்கொண்டேதான் இருந்தது.